அவரு பாத்தாராமா?

2009 மே 19 மத்தியானம் நான் இனயத்தில் இருந்தேன். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். கடற்கரை ரோட்டில் ஒரு டீக்கடை. உள்ளே இருபது பேர், வெளியே அதைவிட அதிகம். எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நந்திக்கடல் கரையில் ஒரு உடல். ராணுவச் சீருடை, திறந்த கண்கள், தலையின் மேல்பகுதியை மூடி ஒரு துணி. சுற்றிலும் சிங்களச் சிப்பாய்கள்.

யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கடலில் நாற்பது வருடம் கழித்த ஒரு பெரியவர் சொன்னார்: "தண்ணில கெடந்த ஒடம்பு இப்பிடி இருக்காதுலே மக்கா. இது அவரு இல்ல."

கடையே மூச்சு விட்டது. நானும்தான். கடலில் மிதந்த பிணத்தைப் பார்த்தவர்கள் நிறைந்த ஊர் இது. நீரில் கிடந்த உடம்பு பற்றி எங்கள் ஊர்க்காரர் ஒரு தீர்ப்புச் சொன்னால் அது பிரேதப் பரிசோதனை அறிக்கைக்குச் சமம். அந்த உடல் கடலில் நாள்கணக்கில் கிடந்ததாக யாருமே சொல்லவில்லை, ஆழமில்லாத களப்பின் கரையில் கண்டெடுத்ததாகத்தான் சொன்னார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. உறைக்க நான் விடவில்லை என்பதுதான் சரி.

அன்று ராத்திரியே வேலையை ஆரம்பித்தேன். பழைய புகைப்படங்களையும் டிவியில் வந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காது மடல், மூக்கின் அகலம், தாடையின் கோணம் என்று அளந்தேன். மழித்த முகம் எப்படி இவ்வளவு இளமையாகத் தெரிகிறது, போர்க்களத்தில் கழுத்தில் அடையாளத் தகடு எப்படி இவ்வளவு வசதியாகக் கிடைக்கிறது என்று பன்னிரண்டு கேள்விகள் எழுதி ஆர்குட்டில் போட்டேன். நான் எழுதியவற்றில் அதிகம் பேர் படித்தது இன்றுவரை அதுதான். இந்தக் கட்டுரை அதற்கான மறுப்பு. பதினைந்து வருடத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது.

மறுப்பு என்றதும், 'பாமர ஜனங்கள் எதை வேண்டுமானாலும் நம்புவார்கள்' என்று சிரிக்கிற கூட்டத்தோடு நான் சேர்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்தக் கூட்டத்தோடு எனக்கு முதல் சண்டை. அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

*

அன்று அந்த டீக்கடை நம்ப மறுத்ததில் ஒரு முட்டாள்தனமும் இல்லை. செய்தியைச் சொன்னது யார் என்று பாருங்கள்.

1989 ஜூலையில் ஒருமுறை பிரபாகரன் கொல்லப்பட்டார் என்று இந்தியப் பத்திரிகைகளில் செய்தி வந்தது. அப்புறம் இருபது வருடம் அவர் இயக்கம் நடத்தினார். 2004 டிசம்பர் சுனாமியில் அவர் இறந்திருக்கலாம் என்று இலங்கை அரசு வானொலி சொன்னது. 2005 ஜனவரியில் கிளிநொச்சியில் நார்வே வெளியுறவு அமைச்சரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். இரண்டு முறை செத்துப் பிழைத்தவரை மூன்றாம் முறை கொன்றார்கள். அப்போதும் கதை ஒன்றாக இல்லை. மே 18 அன்று வந்த செய்தி, வண்டியில் தப்பிக்கப் பார்த்தபோது சுட்டோம் என்றது. மறுநாள் களப்புக் கரையில் உடல் கிடைத்தது என்றார்கள். அப்புறம் உடலை எரித்துச் சாம்பலைக் கடலில் போட்டுவிட்டதாக அன்றைய ராணுவத் தளபதி சரத் பொன்சேகா சொன்னார். ஆதாரத்தை எரித்துவிட்டு, வந்து நம்பு என்றால் யார் நம்புவார்கள்?

எண்ணிக்கை விஷயம் இதைவிட மோசம். 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று கொழும்பு சொன்னது. நம் வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜியும் நாடாளுமன்றத்தில் அதே எண்ணைத்தான் சொன்னார். போர் முடிந்தபோது முள்வேலி முகாம்களுக்குள் வந்து சேர்ந்தவர்களே இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல். எண்ணத் தெரியாத தவறு என்று இதைச் சொல்ல முடியாது. 70,000 பேர் என்று சொன்னால் 70,000 பேருக்குத்தான் சோறும் மருந்தும் அனுப்ப வேண்டும். குண்டுவீச்சில் ஒரு பொதுமகன்கூடச் சாகக் கூடாது என்பதே எங்கள் கொள்கை என்றும் அதே அரசுதான் சொன்னது. ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த நிபுணர் குழு 2011இல், 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கக் கூடும் என்றது.

சென்னை மட்டும் யோக்கியமா? 2009 ஏப்ரல் 27 காலையில் முதலமைச்சர் கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். மதியத்துக்குள், கனரக ஆயுதங்களை இனிப் பயன்படுத்த மாட்டோம் என்று கொழும்பு அறிவித்துவிட்டது என்று எழுந்துவிட்டார். ஆனால் குண்டு விழுவது நிற்கவில்லை. கேட்டதற்கு, மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றார். அடுத்த இரண்டு வாரத்தில் தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு.

கொழும்பு, டெல்லி, சென்னை. மூன்று தலைநகரங்களும் ஒரே வருடத்தில் பொய்யோ அரைப் பொய்யோ சொல்லியிருக்கின்றன. அதே வாய்கள் 'அவர் செத்துவிட்டார்' என்று சொல்லும்போது ஒரு மீனவன் 'இல்ல' என்று தலையாட்டினால், அதற்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைக்காதீர்கள். பொய் சொன்னவன் உண்மை சொல்லும் நாளில் கட்டுகிற அபராதம் அது. இது எங்களுக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. 2011 மே மாதம் அமெரிக்கா ஒசாமா பின் லேடனைக் கொன்று, உடலைக் கடலில் இறக்கி, படத்தை வெளியிட மாட்டோம் என்றபோது பாதி உலகம் புருவத்தை உயர்த்தியது. ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொன்ன அரசாங்கம் அல்லவா அது. 2004 அக்டோபரில் பாப்பாரப்பட்டிப் பக்கம் வீரப்பனைச் சுட்டார்கள். மீசை மாறியிருந்த அந்த முகத்தைப் பார்த்து அன்றும் ஊரெல்லாம் கேள்வி கேட்டது.

ஆக, சந்தேகப்பட்டது தப்பில்லை. என் சண்டை அடுத்த படியில் ஆரம்பிக்கிறது.

*

அரசு பொய் சொல்லும் என்பது ஒரு விஷயம். அரசு சொன்னதற்கு நேர் எதிரானது உண்மை என்பது வேறு விஷயம். முதலாவதிலிருந்து இரண்டாவது பிறக்காது. பொய்யன் மணி மூன்று என்று சொன்னால், மணி மூன்றாக இல்லாமல் இருக்கலாம். அதற்காக நள்ளிரவு என்று ஆகிவிடாது. நீங்களே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். நாங்கள் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பொய்யனைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் நள்ளிரவு என்று அறிவித்துவிட்டோம்.

மே 24 அன்று புலிகளின் சர்வதேசப் பொறுப்பாளர் செல்வராசா பத்மநாதனே தலைவர் இறந்துவிட்டார் என்று சொன்னார். ஒரு வாரம் முன்புவரை 'உயிரோடு இருக்கிறார்' என்று அவர் சொன்னதை ஆதாரமாகக் காட்டிக்கொண்டிருந்த நாங்கள், அதே மனிதரை அன்று சாயங்காலமே துரோகி ஆக்கினோம். தன் மரணச் செய்தியைத் தானே டிவியில் பார்ப்பது போல ஒரு வாரப் பத்திரிகை அட்டைப்படம் போட்டது. அது ஒட்டுவேலை என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். நந்திக்கடல் படத்தை இரண்டு வாரம் அளந்தவன், அந்த அட்டையை அளக்கவே இல்லை.

இங்கேதான் நான் என்னையே பிடித்தேன். ஆனால் உடனே இல்லை. நாலு வருடம் ஆனது.

2013 பிப்ரவரியில் பாலச்சந்திரன் படங்கள் வந்தன. பன்னிரண்டு வயதுப் பையன், பிரபாகரனின் இளைய மகன். ஒரு படத்தில் மணல்மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஏதோ தின்றுகொண்டு பக்கவாட்டில் பார்க்கிறான். அடுத்த படத்தில் நெஞ்சில் குண்டுக் காயங்களோடு தரையில் கிடக்கிறான். பிடித்து வைத்து, தின்னக் கொடுத்து, அப்புறம் சுட்டிருக்கிறார்கள். சேனல் 4 ஆவணப்பட இயக்குநர் காலம் மக்ரே கொண்டுவந்த அந்தப் படங்களைப் பார்த்துத்தான் அடுத்த மாதம் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், தமிழ்நாட்டுக் கல்லூரிகள் மூடப்பட்டன. நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் ஆர்குட் காலத்து நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "நம்பாதீங்க தோழர். அப்பா உயிரோட இருக்கும்போது பையன் எப்படி அங்க தனியா இருப்பான்? இதுவும் டூப்புதான்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். என்னால் கேட்க முடியவில்லை. அப்பாவை உயிரோடு வைத்திருப்பதற்காக, ஒரு குழந்தை கொல்லப்பட்டதை இவர் இல்லை என்கிறார். ராஜபக்சே அரசும் அந்தப் படங்கள் பொய் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. கொழும்பின் பேச்சாளரும் என் நண்பரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். பன்னிரண்டு கேள்விகள் எழுதிய என்னுடைய புத்திசாலித்தனம் என்னைக் கொண்டுவந்து நிறுத்திய இடம் அது.

'அவர் சாகவில்லை' என்று சொன்னால், 'அவர் எப்படிச் செத்தார்' என்ற கேள்வியை யாரும் கேட்க முடியாது. சண்டையில் செத்தாரா, பிடித்து வைத்துக் கொன்றார்களா? நடேசனும் புலித்தேவனும் வெள்ளைக்கொடியோடு வந்தபோது என்ன நடந்தது? ஒரு கொலைவழக்கில் முதலில் வேண்டியது, ஒரு மரணம் நடந்தது என்று ஒப்புக்கொள்வது. அதையே நாம் மறுத்தால் குற்றவாளிக்கு வக்கீல் வேண்டாம்.

*

சரியான சந்தேகம் எப்படி இருக்கும்? அதையும் ஒரு தமிழர்தான் செய்து காட்டினார். மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப்.

2011 ஜனவரியில், இலங்கை அரசே அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்த மக்கள்தொகை, அரசாங்கக் கச்சேரிகளின் பதிவுப்படி 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380. கழித்தால் 1,46,679. இத்தனை பேருக்கு என்ன ஆனது?

அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புக் கழித்தல். இத்தனை பேரையும் கொன்றுவிட்டீர்கள் என்று அவர் சொல்லவில்லை. உங்கள் புத்தகத்திலேயே இந்த ஓட்டை இருக்கிறது, விளக்கம் சொல்லுங்கள் என்றார். அரசின் தாளை வைத்தே அரசைக் கேட்டார். விசாரணை அதிகாரிகள் ஆயரைத் தேடி வந்து கேள்வி கேட்டார்கள். அந்த எண்ணுக்கு ஒழுங்கான பதில் வரவில்லை. 2021 ஏப்ரலில் அவர் இறந்தார். கேள்வி இன்னும் இருக்கிறது.

நான் சாஃப்ட்வேர்காரன். எங்கள் தொழிலில் 'சிஸ்டம் சரியில்லை' என்று யாராவது எழுதி அனுப்பினால் அது குப்பைக்குப் போகும். எப்போது, எங்கே, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்று எழுதினால் அதற்குப் பெயர் பக் ரிப்போர்ட். அதை மூடுவதற்கு யாராவது பதில் எழுதியே ஆகவேண்டும். ஆயர் கொடுத்தது பக் ரிப்போர்ட். நான் ஆர்குட்டில் போட்டது வெறும் புலம்பல்.

இன்னும் இருக்கிறார்கள். அனந்தி சசிதரன், தன் கண்முன்னால் கணவர் எழிலன் ராணுவத்திடம் சரணடைந்தார் என்று ஆட்கொணர்வு மனுப் போட்டு வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறினார். அன்று வட்டுவாகலில் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார் முன்னிலையில் பெயர்களை எழுதி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் ஏறியவர்கள் திரும்பவில்லை. அடிகளாரும் திரும்பவில்லை. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அம்மாக்கள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்தார்கள். அதில் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துபோனார்கள். 2020 ஜனவரியில் கோத்தபய ராஜபக்சே, காணாமல்போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொல்லி முடித்துக்கொண்டார். எப்படி, எங்கே, யார் கையால் என்று சொல்லவில்லை.

இந்த அம்மாக்களும் அரசை நம்பவில்லை. நாங்களும் நம்பவில்லை. இரண்டும் ஒன்றா? அவர்கள் ஒரு பெயரை, ஒரு தேதியை, ஒரு பஸ்ஸைச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்களின் அவநம்பிக்கை அரசைத் தூங்க விடாது. நம்முடையது அரசுக்குத் தாலாட்டு. புலித்தலைவர் எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்றால், வடக்கில் ராணுவ முகாம் ஏன் இன்னும் இருக்கிறது என்று யாரும் கேட்க முடியாது அல்லவா. இந்தியாவையே பாருங்கள். ராஜீவ் கொலை வழக்கில் பிரபாகரன் மீதான குற்றச்சாட்டை, அவர் இறந்துவிட்டார் என்று 2010இல் தடா நீதிமன்றம் கைவிட்டது. இயக்கத்தின் மீதான தடையை 2024 மே மாதம் இன்னும் ஐந்து வருடத்துக்கு நீட்டினார்கள். கோர்ட்டுக்கு ஆள் இல்லை, கெசட்டுக்கு இயக்கம் இருக்கிறது. பேய் எல்லோருக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

*

இப்போது என் ஊருக்கு வருகிறேன். இதை நான் அரசியல் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒக்கியில் கற்றுக்கொண்டேன்.

அரசை நம்பாதிருக்க எங்கள் கரையில் குழந்தைக்குக்கூடத் தெரியும். 2016 ஜூலையில் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. கடலை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத எங்களுக்கு அது செய்தித்தாளில்தான் தெரியும். போராடினோம். அப்புறம் இடம் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் மாறியது என்றார்கள். இனயத்தை விட்டாச்சு என்று அவர்கள் சொன்ன பிறகும் இங்கே யாரும் நம்பவில்லை. இன்றும் ஊருக்குள் யாராவது புதிதாக அளவெடுக்கும் கருவியோடு வந்தால் பின்னாலேயே நாலு பேர் போவார்கள்.

2017 நவம்பர் 30. ஒக்கி. தங்கலுக்குப் போன வள்ளங்கள் ஆழ்கடலில் இருந்தன. என் சித்தியைக் கட்டிக் கொடுத்தது தூத்தூர்ப் பக்கம். அவள் மகன், எனக்குத் தம்பி, இருபத்திநாலு வயசு, போன வள்ளத்திலிருந்து திரும்பி வரவில்லை. முதல் நாட்களில் அரசு ஒரு எண்ணிக்கை சொன்னது, கோயிலில் ஒரு எண்ணிக்கை இருந்தது. கோயில் கணக்கு எப்படி வந்தது தெரியுமா? பங்குச் சாமியார்கள் வீடு வீடாகக் கேட்டு வள்ளத்தின் பெயர், ஆளின் பெயர், போன தேதி என்று எழுதினார்கள். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது எங்கள் கையில் இருந்தது அந்தப் பட்டியல்தான். இராயப்பு ஜோசப் செய்ததை எங்கள் ஊர்க் கோயில்கள் நோட்டுப் புத்தகத்தில் செய்தன. அரசின் எண்ணிக்கை ஏறி ஏறி எங்கள் பக்கம் வந்தது, எங்கள் எண்ணிக்கை இறங்கி அவர்கள் பக்கம் போகவில்லை.

அந்தப் பட்டியல் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொன்றும் நடந்தது. மாலத்தீவில் கரை ஒதுங்கியிருக்கிறார்கள். லட்சத்தீவில் இருக்கிறார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டு ஜெயிலில் தமிழ் பேசுகிற ஆட்கள் இருக்கிறார்களாம். ஒவ்வொரு முறையும் சித்தி எழுந்து உட்காருவாள். ஒருத்தன் போனில், உங்க மகனை ஆஸ்பத்திரியில் பார்த்தேன், நினைவு தப்பிக் கிடக்கிறான், கொண்டுவரச் செலவாகும் என்றான். அவள் பணம் அனுப்பினாள். காதில் கிடந்ததை விற்றுத்தான் அனுப்பினாள் என்று எங்களுக்கு அப்புறம்தான் தெரியும்.

காணாமல்போனவர் ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். ஒக்கிக்கு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி, காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கும் 20 லட்சம் கொடுத்தார்கள். வாங்குவதற்குச் சித்தி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் மகன் செத்தான் என்று அவளே சொன்னதாகும். மாதக்கணக்கில் போடவில்லை. ஒருநாள் தானே எழுந்து போய்ப் போட்டாள். அப்புறம் சாமியாரிடம் சொல்லிப் பூசை வைத்தாள். கல்லறைத் தோட்டத்தில் உடம்பில்லாமல் ஒரு சிலுவை நட்டோம். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சத்தம் போட்டு அழுதாள். என்னிடம் சொன்னாள்: "செத்தான்னு சொன்னவன்கூட என்னய அழவாவது விட்டான் மக்கா. இருக்கான்னு சொன்னானே, அவந்தான் என்னயக் கொன்னான்."

அன்றிலிருந்து 'உயிரோடு இருக்கிறார்' என்ற வாக்கியத்தை என்னால் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

*

2023 பிப்ரவரி 13. தஞ்சாவூரில் பழ. நெடுமாறன் ஐயா பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, பிரபாகரன் நலமாக இருக்கிறார் என்று அறிவித்தார். பிரபாகரன் குடும்பத்தின் சம்மதத்தோடு சொல்வதாகவும், விரைவில் வெளிப்படுவார் என்றும் சொன்னார். சொன்ன இடம் முள்ளிவாய்க்கால் முற்றம். அங்கே செத்தவர்களுக்காக எழுப்பிய இடம்.

நான் அப்போது ஊரில் இருந்தேன். போன் விடாமல் அடித்தது. வாட்ஸப் குழுக்களில் புலிக்கொடியும் நெருப்பும். சித்தி எங்கள் வீட்டில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி:

"அவரு பாத்தாராமா?"

இரண்டு வாரம் தாடையின் கோணத்தை அளந்த இன்ஜினியருக்குத் தோன்றாத கேள்வி. சொல்கிறவர் நேரில் பார்த்தாரா? இல்லை என்றால் பார்த்தவர் யார்? எங்கே, எப்போது? போன்காரனிடம் கேட்காமல் விட்டதற்குக் கம்மலை விலையாகக் கொடுத்து அவள் கற்றுக்கொண்ட கேள்வி அது. நெடுமாறன் ஐயாவைப் போன்காரனோடு நான் சேர்க்கவில்லை. 2002இல் இந்த விஷயத்துக்காகப் பொடா சட்டத்தில் சிறை சென்ற மனிதர். அவர் உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மரியாதையை ஆதாரமாக ஏற்றுக்கொள்ள முடியாது. சிங்கள ராணுவத் தளபதியிடம் கேட்ட அதே கேள்வியை ஐயாவிடமும் கேட்கத்தான் வேண்டும். அதே வருடம் நவம்பர் 27, மாவீரர் நாளன்று, நான்தான் துவாரகா என்று ஒரு பெண் வீடியோவில் பேசினார். இறந்ததாகச் சொல்லப்படும் ஒரு மகளின் பெயரில் யாரோ ஒருவரைப் பேசவைக்கிற அளவுக்கு இது வந்து நின்றது. முதல் பொய்யை நாம் கைதட்டி வரவேற்றதால்தான் இரண்டாவதற்குத் தைரியம் வந்தது.

ஒரு பக்கத்தை மட்டும் சந்தேகப்படுவதற்குச் சந்தேகம் என்று பெயரில்லை, விசுவாசம் என்று பெயர். 2011இன் அதே ஐ.நா. அறிக்கை, தப்பிக்க முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பலவந்தமாகப் படையில் சேர்த்ததையும் எழுதியிருக்கிறது. 40,000 என்ற எண்ணை மேற்கோள் காட்டுகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கங்களைப் படித்தோம்? 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதற்கு என்ன விளக்கம்? ராஜீவ் கொலை பற்றி 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் கேட்டபோது, அது ஒரு துன்பியல் சம்பவம் என்றார் பிரபாகரன். ஒரு அரசு அப்படிப் பதில் சொல்லியிருந்தால் நாம் விட்டிருப்போமா? அவரைத் தலைவர் என்று கூப்பிடுங்கள், இந்தியச் சட்டம் கூப்பிடுவது போலப் பயங்கரவாதி என்று கூப்பிடுங்கள். அவர் இறந்தாரா என்ற கேள்விக்கு அந்தப் பெயர் விடை தராது.

இது நமக்குப் புதுப் பழக்கமும் இல்லை. 1945 ஆகஸ்டில் தைபேயில் விமானம் விழுந்து இறந்த நேதாஜி உயிரோடு இருக்கிறார் என்று முத்துராமலிங்கத் தேவர் மேடைகளில் சொன்னார். மூன்று விசாரணைகள் நடந்தன. நேதாஜி வரவில்லை. அவர் என்ன எழுதினார், என்ன தவறு செய்தார், அவர் படையில் மலேயாவிலிருந்து போய்ச் செத்த தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் யார் என்ற கேள்விகளுக்கு நமக்கு நேரம் கிடைக்கவில்லை. அவர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டே அரை நூற்றாண்டு போய்விட்டது.

*

கத்தோலிக்க ஊரில் வளர்ந்தவன் நான். எங்களுக்குச் சந்தேகம் என்றால் தோமையார்தான். உயிர்த்தெழுந்தார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, காயத்தில் விரலை விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்றவர். சின்ன வயதில் அவரை ஒரு குறைபாடுள்ள அப்போஸ்தலராகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு இப்போது அவரைப் பிடித்திருக்கிறது. எதைப் பார்த்தால் நம்புவேன் என்று முதலிலேயே சொன்னார். காட்டியபோது ஒப்புக்கொண்டார்.

'அவர் இருக்கிறார்' என்கிற நண்பர்களிடம் எனக்கும் அந்த ஒரு கேள்விதான். எதைக் காட்டினால் நீங்கள் மனம் மாறுவீர்கள்? டிஎன்ஏ என்றால், அதைச் சொன்னது கொழும்பு என்பீர்கள். இயக்கத்தின் பொறுப்பாளர் சொன்னார் என்றால் துரோகி. இத்தனை வருட மௌனம் என்றால் தந்திரம். எதைக் காட்டினாலும் மாறாது என்றால், அது அரசின் மீதான அவநம்பிக்கை கிடையாது. அது ஒரு மதம். மதமாக வைத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. அதை அரசியல் என்று சொல்லி, வவுனியாவில் படத்தோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காராதீர்கள்.

அரசை நம்ப வேண்டாம். நான் நம்பச் சொல்லவே இல்லை. அடுத்த மே 18க்கு உங்கள் பக்கத்தில் புலிக்கொடிப் படத்தைப் போடும் முன்னால் 1,46,679 என்ற எண்ணைப் போடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். வட்டுவாகலில் எழுதிய பெயர்ப் பட்டியல் எங்கே என்று கேளுங்கள். டெல்லி 70,000 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள். பதில் வராது. வராத பதிலை வருடா வருடம் தேதி போட்டு எழுதி வையுங்கள். எங்கள் கோயில் நோட்டில் அப்படித்தான் எழுதினோம்.

சித்தி இந்த நவம்பர் 30க்கும் கடற்கரைக்குப் போவாள். மெழுகுதிரி கொளுத்துவாள். காற்றில் அணையும், திரும்பக் கொளுத்துவாள். மகன் வருவான் என்று இப்போது அவளிடம் யாரும் சொல்வதில்லை. ஆனால் அன்றைக்குக் கடலோரக் காவல்படைக் கப்பல் எத்தனை நாள் கழித்து, எவ்வளவு தூரம் போய்த் தேடியது என்று அவள் இன்னும் கேட்கிறாள்.